முதல் இரட்டைச் சதம் யாருடையது?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

ஒரு நாள் கிரிக்கெட் ஆட்டத்தில் முதன்முதலாக இரட்டைச் சதம் அடித்தவர் யார்? இந்தக் கேள்வி இல்லாத பொது அறிவுப் புத்தகமே இல்லை எனலாம். விடையும் நம் எல்லாருக்கும் மனப்பாடம்: சச்சின் டெண்டுல்கர், 2010 பிப்ரவரி 24, குவாலியர், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 200 ரன்கள்.

இந்த விடை தவறு என்று சொன்னால் நம் தம்பிமார் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் தவறுதான்.

1997-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், பம்பாயில் பாந்த்ரா பகுதியில் உள்ள ஒரு சிறிய மைதானத்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணி டென்மார்க் பெண்கள் அணியைச் சந்தித்தது. அது உலகக் கோப்பைப் போட்டி. ஆஸ்திரேலியத் தலைவி பெலிண்டா கிளார்க் முதல் பந்தில் மட்டையைப் பிடித்தவர், கடைசிப் பந்து வரை ஆட்டமிழக்கவில்லை. அவர் எடுத்த ரன்கள் 229. அணியின் மொத்த எண்ணிக்கை 3 விக்கெட்டுக்கு 412. டென்மார்க் 49 ரன்களில் சுருண்டுவிட்டது. டென்மார்க் பலமற்ற அணிதான், மறுக்கவில்லை. ஆயினும் அது சர்வதேச ஆட்டம். கணக்கேட்டில் ஏறிய ஆட்டம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 1997-இல், மே 21 அன்று, நமது சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன்கள் குவித்தார். “உலக சாதனை! இரட்டைச் சதத்துக்கு ஆறே ரன்கள் குறைவு!” என்று எல்லாரும் வியந்தனர். யாரும் தாண்ட முடியாத மலை என்று அந்த 194 பல ஆண்டுகள் பேசப்பட்டது. ஆனால் ஏழு மாதங்கள் முடிவதற்குள்ளேயே ஒரு பெண் அதைத் தாண்டி, இருநூறையும் தாண்டிப் போய்விட்டார். அவருடைய 229-ஐ ஆண்களில் ஒருவர் கடக்க 2014 நவம்பர் வரை ஆயிற்று. அன்றுதான் ரோகித் சர்மா 264 ரன்கள் எடுத்தார்.

இது ஒன்று மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே டெஸ்ட் ஆட்டத்தில் சதமும் அடித்து பத்து விக்கெட்டும் எடுத்த முதல் மனிதர் ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன். 1958 பிப்ரவரியில் மெல்போர்னில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சரியாக 100 ரன்கள் எடுத்தார். பந்து வீச்சிலோ முதல் இன்னிங்சில் 7 ரன்கள் மட்டும் கொடுத்து 7 விக்கெட்டுகள். இரண்டாவதில் 9 ரன்களுக்கு 4. ஆண்களில் ஆலன் டேவிட்சன் இரண்டு இன்னிங்சிலுமாக நூறு ரன்களைத் தாண்டி 11 விக்கெட்டும் எடுத்தது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1960 டிசம்பரில். உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள்: பெண்களுக்கு 1973-இலேயே நடந்தது, ஆண்களுக்கு 1975-இல். இருபது ஓவர் சர்வதேச ஆட்டத்தை முதலில் ஆடியவர்களும் பெண்களே, 2004 ஆகஸ்ட்டில். ஆண்கள் ஆடியது 2005 பிப்ரவரியில்.

மைல்கல் என்கிறோமே, அது என்ன? சாலை ஓரத்தில் நட்ட கல். ‘வேலூர் 50 கி.மீ.’ என்று அதில் எழுதியிருந்தால்தான் அது மைல்கல்; எழுத்து அழிந்துவிட்டால் வெறும் கல். விளையாட்டிலும் அப்படியே. ஒருவர் சாதிக்க வேண்டும். இன்னொருவர் அதை எழுதி வைக்க வேண்டும். மூன்றாமவர் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். சேப்பாக்கத்தின் மைல்கற்களை நாம் அறிவதும் இப்படித்தான். 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கே நடந்தது. சென்னை அணியின் ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் வீழ்த்த, மைசூருடனான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. 1952 பிப்ரவரியில் வினூ மன்கட் 12 விக்கெட் எடுக்க, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். 1986-இல் ஆஸ்திரேலியாவுடன் ‘டை’ ஆன டெஸ்ட், 1988-இல் அறிமுக ஆட்டத்திலேயே நரேந்திர ஹிர்வானி எடுத்த 16 விக்கெட், இவற்றையெல்லாம் நம் தாத்தாக்கள் இன்றும் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிப்பார்கள். எழுதினவர்கள் இருந்தார்கள், சொன்னவர்களும் இருந்தார்கள்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே நம் கிரிக்கெட்டைப்போல ‘பேஸ்பால்’ என்ற ஆட்டம் பிரபலம். அதிலும் தோல் பந்து, மர மட்டை. ஆனால் ஓடுவது நான்கு தளங்களைச் சுற்றி. பல காலமாகக் கறுப்பினத்தவரைப் பெரிய அணிகளில் சேர்க்கவே மாட்டார்கள். அவர்கள் தங்களுக்கென்று தனியாக அணிகள் அமைத்து ஆடினர். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் அந்தச் சுவரை உடைத்துப் பெரிய அணி ஒன்றில் ஆடினார். கறுப்பின அணிகளில் மிகச் சிறந்த மட்டையாளராக விளங்கிய ஜோஷ் கிப்சன் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் இறந்துபோனார். அவருடைய ஆட்டங்களெல்லாம் பெரிய கணக்கேட்டில் சேராமலே கிடந்தன. 2024 மே மாதத்தில்தான் அந்தத் தனி அணிகளின் கணக்கை அதிகாரபூர்வமாகச் சேர்த்தார்கள். சேர்த்தவுடன் என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை மட்டைச் சராசரியில் முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்க, ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்துவிட்டார்! கல்லறையில் இருந்தவர் புதிதாக ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. ஏட்டைத்தான் திறந்தார்கள்.

“அது நிறவேற்றுமை, ஆனால் பெண்கள் ஆட்டம் வேறு, ஆண்கள் ஆட்டம் வேறு அல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். வேறுதான். நம் பகுதிக்குப் பழக்கமான தோலை வைத்தே சொல்கிறேன். ஆண்கள் ஆடும் பந்து ஏறக்குறைய 156 முதல் 163 கிராம் எடை. பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். எல்லைக் கோடும் சற்றுக் கிட்டத்தில் இருக்கும். பந்தின் உள்ளே தக்கை, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய நூல், அதற்கும் மேலே தோல். (இந்தப் பந்துகள் பெரும்பாலும் மீரட், ஜலந்தர் நகரங்களில் செய்யப்படுகின்றன. ஆம்பூரில் ஷூ தைக்கிறோம், பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுகிறோம். பந்து மட்டும் வடக்கே போய்விட்டது! டேனரியில் வேலை செய்யும் என் தந்தையிடம் காரணம் கேட்டேன். பந்துக்கு வேண்டியது படிகாரத்தில் பதனிட்ட வெள்ளைத் தோல், அதில்தான் சிவப்புச் சாயம் நன்றாகப் பிடிக்கும், இங்கே நாம் குரோமில் போடும் தோல் நீலமாக வரும் என்றார். காரணம் முழுவதும் அதுதானா என்பது வேறு கதை.) ஆகவே இரண்டு பட்டியல் தனித்தனியே இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பட்டியலுக்கு ‘பெண்கள் சாதனை’ என்று பெயர் வைத்துவிட்டு, மற்றதற்கு வெறுமனே ‘சாதனை’ என்று பெயர் வைப்பது என்ன நியாயம்? “ஆண்களில் முதல் இரட்டைச் சதம் யாருடையது?” என்று கேட்டால் சச்சின் என்ற விடை சரி. அந்த ஒரே சொல்லைச் சேர்க்க மை ஒன்றும் அதிகம் செலவாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973-இல் அமைக்கப்பட்டது. 1976-இல் மேற்கிந்தியத் தீவு அணி வந்தபோது இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட்டை ஆடினர். தலைவியாக இருந்தவர் சாந்தா ரங்கசாமி. சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். அதே நவம்பரில் பாட்னாவில் முதல் டெஸ்ட் வெற்றி கிட்டியது. மறு ஆண்டு நியூசிலாந்தின் டனிடின் நகரில் சாந்தா 108 ரன்கள் எடுத்தார். டெஸ்ட்டில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் சதம் அதுவே. ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் பயணம், பொதுக் கூடங்களில் தரையில் படுக்கை, ஆட்டத்துக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. இவையெல்லாம் அக்காலத்து வீராங்கனைகள் பலமுறை கூறியவை.

விருதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாந்தாவுக்கு 1976-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது கிடைத்தது. பெண் கிரிக்கெட் வீராங்கனை ஒருவர் பெற்ற முதல் அர்ஜுனா. அரசாங்கம் அன்றே கண் திறந்து பார்த்தது என்று மகிழலாம். கிரிக்கெட் வாரியத்தின் வாழ்நாள் சாதனைக்கான விருது ஒரு பெண்ணுக்கு வந்து சேர்ந்ததோ 2017-இல். அதைப் பெற்றவரும் சாந்தாவே. இரண்டு விருதுகளுக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள்! 2006 வரை பெண்கள் சங்கம் வாரியத்தோடு இணையாமல் தனியாகவே இருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் கதைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, இடது கை ஆட்டக்காரர். 2013 ஜனவரி 31 அன்று மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 ரன்கள் எடுத்தார். பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அது. மறு ஆண்டு நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட். அதில் காமினி 192 ரன்கள் எடுத்தார். பூனம் ராவத்துடன் சேர்ந்து 275 ரன்கள் குவித்தார். இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இப்படி ஆடிய ஒருவர் அடுத்த டெஸ்ட்டில் என்ன செய்வார் என்று பார்க்க நமக்கு ஆசை வரும் அல்லவா? அடுத்த டெஸ்ட் நடக்கவே இல்லை. 2014 நவம்பரிலிருந்து 2021 ஜூன் வரை, ஆறரை ஆண்டுகள், இந்தியப் பெண்களுக்கு ஒரு டெஸ்ட் கூட ஏற்பாடு செய்யப்படவில்லை. மீண்டும் ஆரம்பித்தபோது காமினி அணியில் இல்லை. நான் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து ஆறாம் வகுப்புக்கு வருகிற காலம் அளவுக்கு ஒரு விளையாட்டையே மூட்டை கட்டி வைத்திருந்தார்கள் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அந்த 192-க்கு மேலே அப்போது ஒரே ஓர் இந்தியப் பெண்ணின் எண்ணிக்கைதான் இருந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜ் தன் பத்தொன்பதாம் வயதில், 2002-இல், இங்கிலாந்தின் டாண்டன் நகரில் எடுத்த 214. இந்த வரிசையை மாற்றியவர் ஷஃபாலி வர்மா. மாற்றிய இடம் எது தெரியுமா? காமினியின் சொந்த ஊர் மைதானமான சேப்பாக்கம்! 2024 ஜூன் 28 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஷஃபாலி 205, ஸ்மிருதி மந்தனா 149. இருவரும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 292. அன்று ஒரே நாளில் இந்தியா எடுத்தது 525 ரன்கள். மறுநாள் 6 விக்கெட்டுக்கு 603 என்று நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் டெஸ்ட்டில் எந்த நாடும் அதற்கு முன் அறுநூறைத் தொட்டதில்லை. பிறகு சினே ராணா முதல் இன்னிங்சில் 8 விக்கெட்டும், இரண்டு இன்னிங்சிலுமாகச் சேர்த்துப் பத்து விக்கெட்டும் எடுத்து ஆட்டத்தை முடித்தார். தாத்தாக்கள் ஒப்பிக்கும் சேப்பாக்கப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து விலையைப் பற்றிக் கொஞ்சம். ‘ஆட்டக்காரரை விற்றார்கள், வாங்கினார்கள்’ என்று செய்தியில் வரும்போது என் பாட்டி, “மாட்டுச் சந்தையா அது?” என்று கேட்பார். விற்பது ஆளை அல்ல. அவர் எந்த அணிக்காக ஆடுவார் என்ற ஒப்பந்தத்தை. பேஸ்பாலில் இது மிகப் பழைய வழக்கம். பேப் ரூத் என்ற மாபெரும் ஆட்டக்காரரைப் பாஸ்டன் அணி ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் அணியிடம் கொடுத்துவிட்டதை 1920 ஜனவரியில் அறிவித்தார்கள். அதன் பின் பாஸ்டன் அணி மறுபடி கோப்பையை வென்றது 2004-இல்! சாபம் என்றே அந்த ஊரார் சொல்லி வந்தார்கள். நம் நாட்டு ஐ.பி.எல். போட்டியில் ஏலம் என்பது ஒரு வழி. 2008-இல் நடந்த முதல் ஏலத்தில் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றுக்கொண்டபோது எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது.

பெண்களுக்கு இந்த ஏலம் முதன்முதலில் நடந்தது 2023 பிப்ரவரி 13 அன்று. ஐ.பி.எல். தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. அணிகள் ஐந்து, சென்னைக்கு அணி இல்லை. ஸ்மிருதி மந்தனாவைப் பெங்களூர் அணி 3 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது. ஓர் அணி முழுவதையும் அமைக்க அனுமதித்த தொகை 12 கோடி ரூபாய். அதற்கு இரண்டு மாதம் முன்னர் ஆண்கள் ஏலத்தில் மேற்சொன்ன சாம் கரன் என்ற ஒரே ஒருவருக்குக் கொடுத்தது 18 கோடியே 50 லட்சம்! பார்க்க வருகிற கூட்டம், விளம்பரம் எல்லாம் சேர்ந்துதான் விலை ஏறுகிறது என்பது புரிகிறது. புரிந்தாலும் மனம் ஒப்பவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன் உட்காரும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வேலைக்கு ஏற்ற கூலி என்பது பெரிய விஷயம். வாரியம் 2022 அக்டோபரில் ஆட்டச் சம்பளத்தையாவது சமமாக்கியது: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம், ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே.

2024 டிசம்பர் ஏலத்தில் மதுரையைச் சேர்ந்த ஜி. கமலினியை மும்பை அணி எடுத்தது. ஆரம்ப விலை 10 லட்சம்; ஏறி ஏறி 1 கோடியே 60 லட்சத்தில் நின்றது. அப்போது அவருக்கு வயது பதினாறு. என்னைவிட ஒரே ஒரு வயது கூட! எங்கள் தெருவில் பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துத் தரத்தான் பெண் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். அவரோ விக்கெட் கீப்பர். இடது கையால் மட்டை பிடிப்பவர். அடுத்த மாதமே மலேசியாவில் நடந்த பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 ரன்கள் எடுத்தார். 2025 பிப்ரவரி 2 அன்று இந்தியா கோப்பையை வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 2 அன்று பெரியவர்களின் உலகக் கோப்பையும் வந்தது. அதற்கு மூன்று நாள் முன் அரையிறுதியில் ஆஸ்திரேலியா 339 என்ற இலக்கை வைத்தது. பெண்கள் ஒரு நாள் ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இலக்கை யாரும் எட்டியதே இல்லை. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ரன்களுடன் கடைசி வரை நின்று எட்டிக் காட்டினார். ஆட்டம் முடிந்ததும் கண்ணீரோடு இயேசுவுக்கு நன்றி சொன்னார். நவி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஷஃபாலி 87. தீப்தி சர்மா 58 ரன்களும் 5 விக்கெட்டும். தென்னாப்பிரிக்கா 52 ரன்களில் தோற்றது. வென்ற அணிக்கான பரிசு 44 லட்சத்து 80 ஆயிரம் டாலர். 2023-இல் ஆண்கள் கோப்பையை வென்ற அணி பெற்றது 40 லட்சம் டாலர்.

கோப்பையை வாங்கிய பிறகு அந்தப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆடி ஓய்வு பெற்ற மூத்த வீராங்கனைகள் சிலர் மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்தனர். 2005-இலும் 2017-இலும் இறுதி ஆட்டம் வரை அணியை அழைத்துச் சென்று தோல்வியோடு திரும்பிய மிதாலி ராஜ் அவர்களில் ஒருவர். கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தார்கள். மிதாலி அதை உயர்த்திப் பிடித்தார்.